சாம்பிள் குட்டை

உட்காரும்மா. கதவைச் சாத்த வேண்டாம், திறந்தே இருக்கட்டும். ரெக்சலின்தானே பெயர்? சரி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் விஷயத்தில் நீ பயப்பட வேண்டியதே இல்லை. அவர் பெயர் இந்த அறையைத் தாண்டாது. இத்தனை வருஷமாகக் கைடாக இருக்கிறேன். தகவல் சொன்ன ஒருவருடைய பெயர்கூட என் வாயிலிருந்து வந்ததில்லை. பொருளாதாரத் துறையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்.

உன் ஆய்வுத் திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். நன்றாக வந்திருக்கிறது. பன்னாட்டு வணிகம், பொருளாதார ஆளுகை என்று தலைப்பு வைத்துக்கொண்டு நூலகத்தை விட்டு எழுந்திருக்காதவர்கள்தான் இங்கே அதிகம். ஜெனீவாவில் என்ன பேசினார்கள், எந்த ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவு என்று எழுதி எழுதி ஒரு கிலோ காகிதம் சேர்ந்ததும் பைண்டிங் போட்டுக் கொண்டுவந்துவிடுவார்கள். துறைமுகம் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது. ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை. நீ அப்படி இல்லை. இறால் கம்பெனியில், பேக்கிங் பிரிவில், உன் சொந்த அண்ணனே வேலை பார்க்கிறார். வெளிநாட்டில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பெட்டிகளை எங்கே வைத்துப் பிரிக்கிறார்கள், லேபிளை எப்படி மாற்றி வேறு நாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று கையால் செய்தவரே சொல்லியிருக்கிறார். இதைவிட ஒரு கைடுக்கு என்ன வேண்டும்?

நீ கேட்டது சரியான கேள்விதான். உனக்கு முன்னால் இந்தத் தலைப்பில் இருந்த பெண் ஏன் பாதியில் போனாள் என்று. வெளியில் ஏதாவது சொல்லியிருப்பார்கள். சட்டத்துறைப் பிள்ளைகள் சொல்லியிருக்கும். அதுகளுக்கு வேறு வேலை இல்லை. என் வாயாலேயே கேட்டுக்கொண்டு போ, பிறகு சேர்வதா வேண்டாமா என்று முடிவு செய்.

செண்பகவல்லி என்று பெயர். கோவில்பட்டிப் பக்கம். எங்கள் துறையில் எம்.ஏ. முடித்துவிட்டு சட்டமும் படித்தவள். துறையிடை ஆய்வுக்கு அவளைப்போல ஆள் கிடைப்பது கஷ்டம். இங்கே விதி என்னவென்றால், பொருளாதாரத்திலிருந்து ஒரு கைடு, சட்டத்திலிருந்து ஒரு கைடு, இரண்டும் தவிர தொழில் தெரிந்த ஒருவர் வெளியிலிருந்து. ஆய்வுக் குழு என்று பெயர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடும். அவள் அதன் முன்னால் நின்று அதுவரை செய்ததைச் சொல்ல வேண்டும். சட்டத்துக்கு இன்னாசிமுத்து. தொழிலுக்கு பொன்பாண்டி, ஏற்றுமதியாளர் சங்கத்தின் செயலாளர். பொருளாதாரத்துக்கு நான்.

இன்னாசிமுத்துவை நீ பார்த்திருக்க மாட்டாய். நல்ல மனுஷன்தான். ஆனால் எண் என்றாலே ஆகாது. என் மாணவி வருஷம் வருஷமாக ஏற்றுமதிக் கணக்கு எடுத்துக் கோடு போட்டுக் காட்டினால், "இந்தக் கோட்டை வச்சு எந்த கோர்ட்டுல சார் நிக்க முடியும்?" என்பான். அவள் போய் ஒப்பந்தமும் தீர்ப்பும் சேர்த்து எழுதிக்கொண்டு வருவாள். அதை நான் அடிப்பேன். எனக்கு எண் வேண்டாமா? அடுத்த கூட்டத்துக்கு மறுபடி கோடு. இப்படியே போனது. ஆய்வேட்டின் தலைப்பே எத்தனை தடவை மாறியது என்று அவளுக்குத்தான் தெரியும். பொன்பாண்டி சிரிப்பார். "ரெண்டு மாமியாருக்கு ஒரு மருமக மாதிரில்லா இருக்கு" என்பார். அவரால்தான் கூட்டத்தில் கொஞ்சம் சூடு குறையும். தங்கமான மனிதர். எங்கள் கருத்தரங்குக்கெல்லாம் மதியச் சாப்பாடு அவர் பொறுப்பு.

அவள் போய்ப் பிடித்தது என்ன தெரியுமா? இறால் வளர்க்கிற குட்டைகளில் நோய் வந்தால் மருந்து போடுவார்கள். அந்த மருந்து கொஞ்சம் இறாலில் தங்கினாலும் வெளிநாட்டில் இறக்க விடமாட்டார்கள். அதனால் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு சரக்கிலிருந்தும் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். லேப் சரி என்று சொன்னால்தான் கப்பல். இதுதான் ஆளுகை. புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கும். செண்பகவல்லி அந்த லேப் ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே வேலை பார்த்த ஓர் அம்மாவைப் பிடித்தாள். எப்படிப் பிடித்தாள் என்று எனக்குத் தெரியாது. மாதக்கணக்கில் போய் வந்தாள். கடைசியில் அந்த அம்மா சொல்லிவிட்டார். சாம்பிள் சரக்கிலிருந்து வருவதே இல்லை. சாம்பிளுக்கென்றே ஒரு குட்டை வைத்திருக்கிறார்கள். மருந்தே போடாத குட்டை. எந்தக் கம்பெனிச் சரக்கானாலும் சாம்பிள் அந்தக் குட்டை இறால்.

இதை அவள் வந்து சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உலக வணிகத்துக்கு எத்தனை அமைப்பு, எத்தனை சட்டம். எல்லாம் வந்து கடைசியில் ஒரு குட்டையில் நிற்கிறது. அந்த அத்தியாயத்துக்கு 'சாம்பிள் குட்டை' என்று நான்தான் தலைப்பு வைத்தேன்.

அந்த அம்மாவின் பெயரை அவள் என்னிடமே சொல்லவில்லை. 'லேப் அக்கா' என்றுதான் எழுதுவாள், பேசுவாள். ஒருமுறை கேட்டேன். "அவங்க பேரு உங்களுக்கு வேண்டாம் சார். தெரியாம இருந்தா உங்களுக்கும் நல்லது" என்றாள். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. கைடிடம் சொல்வதற்கென்ன? ஆனாலும் விட்டுவிட்டேன். அது அவளுடைய நேர்மை. நான் அதில் கைவைக்கவில்லை.

நான் அந்த அம்மாவைப் பார்த்தது தற்செயலாக. அந்த லேப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் காரில் போனேன். இவளும் அங்கேதான் போக வேண்டும், பஸ் கிடைக்கவில்லை என்றாள். ஏறிக்கொள் என்றேன். ஐஸ் ஃபேக்டரியிடம் இறக்கிவிடச் சொன்னாள். இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினால், எதிரே லேபிலிருந்து ஓர் அம்மா வெளியே வந்து இவளைப் பார்த்துக் கை காட்டினார். என்னைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டு, இடது காலை லேசாக இழுத்தபடி வேறு பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார். வெள்ளைக் கோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். அவ்வளவுதான் பார்த்தேன். காரில் இருந்த என்னைக் கண்டு என்ன பயம் என்று பிறகு செண்பகவல்லியிடம் கேட்டேன். "அக்கா எல்லாருக்கும் பயப்படுவாங்க சார்" என்றாள்.

அப்புறம் அந்தக் கூட்டம்.

அவள் நன்றாகப் பேசினாள். குட்டையைப் பற்றிச் சொன்னபோது பொன்பாண்டிகூடத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் வழக்கப்படி, "கொஞ்சம் வெளியில இரும்மா" என்று அனுப்பினோம். உனக்கும் அப்படித்தான் நடக்கும். மாணவர் வெளியே நிற்க வேண்டும், குழு உள்ளே கலந்து பேசும், பிறகு கூப்பிட்டு முடிவைச் சொல்லும். அவள் வெளியே போனாள், கதவைச் சாத்தினாள். இன்னாசிமுத்து ஆரம்பித்தான்.

"சார், இது கேள்விப்பட்ட கதை. சாட்சி எங்க? இப்படி ஒரு பொம்பளை நிசமாவே இருக்காளா, இல்ல உங்க பிள்ளை ஹாஸ்டல்ல உக்காந்து உண்டாக்குனதா?"

நீயே சொல். எப்படி இருக்கும் எனக்கு? மாணவி பொய் எழுதினாள் என்றால் கைடு கண்ணை மூடிக்கொண்டு இருந்தான் என்று அர்த்தம். அதுவும் வெளி ஆள் ஒருவரை வைத்துக்கொண்டு கேட்கிறான். எனக்கு அவன் கேட்டதைவிடக் கேட்ட தோரணைதான் பொறுக்கவில்லை. எங்கள் துறையில் எல்லாம் கற்பனை, அவர்கள் துறையில்தான் உண்மை என்கிற மாதிரி.

"நானே பார்த்திருக்கேன்" என்றேன். "ஐஸ் ஃபேக்டரிக்கு எதிர் லேப். இடது காலை லேசா இழுத்து நடப்பாங்க. அந்த லேப் ஆரம்பிச்ச நாள்லேருந்து இருக்கறவங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

பெயரைச் சொல்லவில்லை. கவனித்தாயா? எனக்கே தெரியாத பெயரை எப்படிச் சொல்வேன்?

இன்னாசிமுத்து ஃபைலை மூடிவைத்தான். பொன்பாண்டி பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். "ஆரம்பத்துலேருந்து இருக்கவங்களா? அப்ப தெரிஞ்சுதான் பேசியிருப்பாங்க" என்றார். பிறகு அவரே, "அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்க புரொபசர், பாவம், எவ்வளவு நேரம் நிக்கும்" என்றார். முன்னேற்றம் திருப்திகரம் என்று குழு எழுதியது. இன்னாசிமுத்துவும் கையெழுத்துப் போட்டான். அவள் ஆய்வை அன்றைக்கு நான் காப்பாற்றிக் கொடுத்தேன். அது அவளுக்குத் தெரியாது. தெரியவும் விடவில்லை.

அதற்கப்புறம் ஒருநாள் பொன்பாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் அப்படித்தான், வந்தால் வெறுங்கையோடு வரமாட்டார். ஐஸ் வைத்த பெட்டியில் இறால். ஒவ்வொன்றும் இந்த நீளம். என் மனைவி, மருந்து போட்டதோ என்னவோ என்று தயங்கினாள், நான் அவளிடம் ஆய்வைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தேன். பொன்பாண்டி ஒரே சிரிப்பு. "உங்களுக்குப் போயி அதைக் கொடுப்பேனா மதினி? இது சாம்பிள் குட்டை இறால்" என்றார். எவ்வளவு பெருந்தன்மை பார். தன் தொழிலின் மேல் எழுதியதையே வேடிக்கையாக எடுத்துக்கொள்ள எத்தனை பேருக்கு வரும்? அன்றைக்குத் தொக்கு நன்றாக வந்திருந்தது.

செண்பகவல்லி அப்போது கடைசி அத்தியாயத்துக்கு வந்திருந்தாள். ஒருநாள் வந்து லேப் அக்கா போனை எடுக்கவில்லை என்றாள். பிறகு, அந்த அம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னாள். ரசாயனப் புட்டிகளைத் திருடி வெளியில் விற்றார் என்று புகாராம். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு நாள் முழுக்க உட்கார வைத்தார்களாம். தனியார் கம்பெனிகளில் இதெல்லாம் நடப்பதுதான், நீ சட்டமும் படித்தவள், தொழிலாளர் பாதுகாப்பு என்று ஒரு பகுதி சேர்த்துக்கொள், இன்னாசிமுத்துவுக்கும் பிடிக்கும் என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் அந்த விபத்து. அந்த அம்மா உப்பளத்து ரோட்டில் நடந்து வந்திருக்கிறார். எதற்கு அந்தப் பக்கம் போனார், யார் வரச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. லாரி அடித்துவிட்டது. நிற்காமல் போய்விட்டது. காலையில் உப்பு வாரப் போனவர்கள்தான் பார்த்திருக்கிறார்கள். அந்த ரோட்டில் ஒரு விளக்குகூடக் கிடையாது. கலெக்டருக்கு ஒரு மனு கொடுக்க வேண்டும் என்று நானே நினைத்திருந்தேன்.

இது விபத்தும்மா. செய்தித்தாளில் அப்படித்தான் வந்தது.

செண்பகவல்லி துக்கத்துக்குப் போய்விட்டு நேரே இங்கேதான் வந்தாள். நீ உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கதவிடம் நின்றுகொண்டே, "அன்னிக்கு என்னை வெளியில நிக்க வச்சுட்டு உள்ள என்ன சார் பேசினீங்க?" என்று கேட்டாள்.

நான் என்ன சொல்ல முடியும்? குழு உள்ளே பேசுவது ரகசியம். மாணவரிடம் சொல்லக்கூடாது. விதி அது. எத்தனையோ பேர் என்னிடம் கெஞ்சியிருக்கிறார்கள், யார் எனக்கு எதிராகப் பேசினார்கள் சார் என்று. ஒருவருக்கும் சொன்னதில்லை. அவளுக்கும் சொல்லவில்லை. "அது கான்ஃபிடென்ஷியல்ம்மா" என்றேன். நானும் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் சொன்னேன்.

அவள் சிரித்த மாதிரி இருந்தது. சிரிக்கிற நேரமா அது? "அவங்க என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சார் கேட்டாங்க" என்றாள். அந்த அம்மா என்ன கேட்டார் என்று சொல்லவில்லை. அந்த அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும் என்றாள். அதை எடுத்தால் ஆய்வேட்டில் என்ன மிச்சம்? இன்னாசிமுத்துவின் சட்டப் பிரிவுகளும் என்னுடைய கோடுகளும்தான். முடியாது என்றேன். இனிமேல் அந்த அம்மாவுக்கு அதனால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்றும் கேட்டேன். நியாயமான கேள்விதானே? அவள் போய்விட்டாள். ஹாஸ்டலையும் காலி செய்துவிட்டாள். எத்தனை தடவை போன் போட்டிருப்பேன். வேறு எண் வாங்கிவிட்டாள் என்கிறார்கள். எங்கோ டியூஷன் சென்டரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறாளாம். படித்த படிப்பென்ன, செய்கிற வேலையென்ன. முடிக்க ஓர் அத்தியாயம்தான் பாக்கி. கரையில் வந்து படகைக் கவிழ்த்தாள். என் பெயரையும் சேர்த்துத்தான். இந்தத் துறையிடை ஆய்வு மையத்திலிருந்து ஓர் ஆய்வேடுகூட இன்னும் வெளியே வரவில்லை என்று துணைவேந்தர் கூட்டத்தில் கேட்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அதனால்தான் உன் திட்டத்தைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் விட்ட இடத்திலிருந்து நீ பிடிக்கிறாய். அவள் சாம்பிள் வரைக்கும் வந்தாள், நீ திரும்பி வந்த சரக்கிலிருந்து ஆரம்பிக்கிறாய். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு வட்டம்.

எழுந்துவிட்டாயே. இரும்மா, காப்பி சொல்லியிருக்கிறேன்.

யோசிக்க வேண்டுமா? யோசிக்கலாம், தாராளமாக. ஆனால் திட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றால் அது இப்போது முடியாது. நேற்றே குழு உறுப்பினர்களுக்கு அனுப்பிவிட்டேன். ஆமாம், அதே குழுதான். இன்னாசிமுத்து மறுபடியும் சாட்சி எங்கே என்று கேட்பான் இல்லையா, இந்தத் தடவை முன்கூட்டியே தயாராக இருப்போம் என்றுதான். அவன் இன்னும் பிரித்தே பார்த்திருக்க மாட்டான். பொன்பாண்டிதான் காலையிலேயே கூப்பிட்டார். வரிவரியாகப் படித்திருக்கிறார். அந்த வேலைக்கு நடுவில் எப்படித்தான் நேரம் கிடைக்கிறதோ.

உன்னைப் பற்றித்தான் விசாரித்தார். "இந்தப் பிள்ளை நம்ம கடற்கரைப் பக்கமா?" என்றார். விண்ணப்பத்தில் ஊர் இருக்கிறதே என்றேன். தகவல் சொன்னவர் உன் அண்ணன் என்றும் திட்டத்தில் எழுதியிருக்கிறாயே, அதையும் படித்திருக்கிறார். "தங்கச்சியைப் பிஎச்டி வரைக்கும் படிக்க வைக்கற அண்ணன் நம்ம பேக்கிங் செக்‌ஷன்கள்ல எத்தனை பேர் இருக்கப் போறான்? எனக்குத் தெரிஞ்ச பையன்தான்னு நினைக்கேன். நல்ல பையன்" என்றார். அந்த வார்த்தையைத்தான் சொன்னார், நல்ல பையன். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெயரைக் கேட்டுவிடுவாரோ என்று எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. கேட்கவே இல்லை. நாகரிகமான மனிதர். எந்த ஷிப்ட் என்று மட்டும் கேட்டார். அதுதான் திட்டத்திலேயே இருக்கிறதே, பகல் ஷிப்ட் பார்க்கிறவர், சாயங்காலம் சைக்கிளில் திரும்புகிறவர் என்று. நானாக ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை. இன்றைக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறதாம், போனால் அண்ணனையும் ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். உனக்கு நல்லதுதானே? கம்பெனியில் பெரிய ஆட்கள் எல்லாம் அவருக்குப் பழக்கம்.

யாருக்கு, அண்ணனுக்கா? போடு, போடு, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். அதற்குள் ஏன் பையை எடுக்கிறாய்?

ரிங் போகிறதா? எடுக்கவில்லையா?

மறுபடி மறுபடி போட்டுப் பிரயோஜனம் இல்லைம்மா. உள்ளே நுழையும்போதே எல்லாருடைய போனையும் கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஷிப்ட் முடிகிறவரை உள்ளே இருப்பவருக்கும் வெளி உலகத்துக்கும் தொடர்பே கிடையாது என்று நீதானே எழுதியிருக்கிறாய். ரொம்ப நல்ல வரி. பொன்பாண்டியும் அதைத்தான் குறிப்பாகச் சொன்னார். அதை மட்டும் எடுத்துவிடாதே.